எழுபது வயதுக் குரலும் பதினைந்து பாடல்களும்

ஜானி கேஷ் என்ற அமெரிக்க கன்ட்ரி பாடகரை என் தலைமுறையினரில் பலரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்கினோம். 'லோகன்' படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த 'ஹர்ட்' பாடலைக் கேட்டுவிட்டு, அது யார் குரல் என்று தேடிப் போய், கறுப்பு உடையணிந்த, கன்னங்கள் தொங்கிய ஒரு முதியவர் கிதாருடன் அமர்ந்திருக்கும் வீடியோவை யூடியூபில் கண்டவர்கள் ஏராளம். அவர் 1950களில் மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ரெக்கார்ட்ஸில் எல்விஸ் பிரெஸ்லியின் சக கலைஞராக இருந்தவர் என்பதும், 1968இல் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே போய்க் கைதிகளுக்குக் கச்சேரி செய்து அதை ஆல்பமாக வெளியிட்டவர் என்பதும் நமக்குப் பிறகுதான் தெரியவந்தன. அந்த ஒரு பாட்டை நூறு முறை கேட்டவர்கள்கூட, அது இடம்பெற்ற ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. இந்தக் கட்டுரை அந்த முழு ஆல்பத்தைப் பற்றியது.

'அமெரிக்கன் ஃபோர்: த மேன் கம்ஸ் அரவுண்ட்' 2002 நவம்பரில் வெளியானது. அப்போது கேஷுக்கு வயது 70. அடுத்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று அவர் காலமானார். அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். இதிலுள்ள 15 பாடல்களில் அவரே எழுதியவை மூன்று. அவற்றிலும் புதிதாக எழுதப்பட்டது ஒன்றே ஒன்று. மற்ற பன்னிரண்டும் பிறர் எழுதியவை அல்லது எழுதியவர் யாரென்று தெரியாத பழைய நாட்டுப்புறப் பாடல்கள். மூன்று பாடல்களில் அவரோடு சேர்ந்து பாட விருந்தினர்கள் வந்திருக்கிறார்கள். இப்படி விவரிக்கும்போது, வயதான நட்சத்திரம் ஒருவர் பிரபலமான பாடல்களையும் பிரபலமான நண்பர்களையும் கூட்டிச் சேர்த்து ஒப்பேற்றிய தொகுப்பு என்ற எண்ணம் வருவது இயல்பே. அப்படிப்பட்ட ஆல்பங்கள் கன்ட்ரி இசையில் வண்டி வண்டியாக உண்டு. இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்று நான் நினைப்பதற்கான காரணம், பலரும் சொல்வதைப் போல 'ஹர்ட்' அல்ல. கேஷ் இந்த ஆல்பத்தில் எல்லாரையும்விட அதிகமாக மறுபடி பாடியிருப்பது தன்னையேதான் என்பதே காரணம்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 'கிவ் மை லவ் டு ரோஸ்' அவர் 1957இல் பதிவு செய்தது. 'சாம் ஹால்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரெடோ' இரண்டும் 1965இல் வந்த அவருடைய மேற்குப் பிரதேசக் கதைப்பாடல் தொகுப்பில் உள்ளவை. 'டேனி பாய்' அதே ஆண்டின் வேறொரு ஆல்பத்தில் இருக்கிறது. 'டியர் ஸ்டெய்ண்ட் லெட்டர்' 1972இல் வந்தது. ஹேங்க் வில்லியம்ஸின் 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாடலை, தன் 28ஆம் வயதில், முழுக்க முழுக்கப் பிறர் பாடல்களால் ஆன ஓர் ஆல்பத்துக்காக 1960இல் பாடியிருக்கிறார். ஆக, பதினைந்தில் ஆறு பாடல்களைத் தன் இளமைக் குரலில் ஏற்கெனவே பாடி முடித்தவர், எழுபதில் திரும்பவும் மைக்கின் முன் வந்து அமர்கிறார்.

அவரை அங்கே அமர்த்தியவர் ரிக் ரூபின். இருவரும் சேர்ந்தபோது, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் இசை உலகம் கேஷை ஏறக்குறைய கைகழுவிவிட்டிருந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரை வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் 1986இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. அடுத்துச் சேர்ந்த மெர்க்குரியிலும் பெரிதாக எதுவும் அமையவில்லை. ரூபினோ ஹிப்-ஹாப் இசைக்குப் பெயர்பெற்ற டெஃப் ஜாம் நிறுவனத்தைக் கல்லூரி விடுதி அறையில் தொடங்கியவர்களில் ஒருவர், பீஸ்டி பாய்ஸ், ஸ்லேயர் போன்ற குழுக்களின் தயாரிப்பாளர், நீண்ட தாடிக்காரர். இந்த இருவரும் சந்தித்துக்கொண்டது 1993இல். ரூபின் செய்த வேலை எளிமையானது: கேஷைத் தன் வீட்டின் வரவேற்பறையில் உட்காரவைத்து, கையில் கிதாரைக் கொடுத்து, பிடித்த பாடல்களையெல்லாம் பாடச் சொன்னார். வயலின் கூட்டமோ பின்னணிப் பெண்குரல்களோ டிரம்ஸோ இல்லாமல் 1994இல் வெளியான 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' அப்படிப் பிறந்ததுதான். அந்த வரிசையில் நான்காவது இது.

முதல் ஆல்பத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் கேஷின் உடல் வெகுவாகச் சரிந்துவிட்டது. 1997இல் அவருக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடுமையான நோய் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். பின்னர் அந்தக் கணிப்பு மாறி, நீரிழிவினால் வந்த நரம்புக் கோளாறு என்றானது. நிமோனியா அவரைத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு அனுப்பியது. கண்பார்வை மங்கியது. இந்த ஆல்பத்தின் கணிசமான பகுதி, டென்னஸி மாநிலத்தில் ஹெண்டர்சன்வில் ஊரில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த மரக்குடிலிலும், எஞ்சியது லாஸ் ஏஞ்சலிஸிலும் பதிவானது. மூச்சு ஒத்துழைக்கும் நாளில் பாடுவது, இல்லாத நாளில் விட்டுவிடுவது என்ற முறையில் வேலை நடந்தது. ரூபின் இன்னொரு செய்தியையும் சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவரல்லாத அவரும், ஆழ்ந்த விசுவாசியான கேஷும் நாள்தோறும் தொலைபேசியில் இணைந்து நற்கருணை எடுத்துக்கொள்வார்களாம். கேஷ் ஜெபிப்பார், அந்தப் பக்கம் ரூபின் கண்மூடி அமர்ந்திருப்பார். ஒரு தயாரிப்பாளருக்கும் பாடகருக்கும் இடையே இப்படியோர் உறவு இருந்தால், எந்தப் பாடலையும் பாடிப் பார்க்கச் சொல்லும் உரிமை தானாக வந்துவிடும்.

'கிவ் மை லவ் டு ரோஸ்' பாடலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் இதயம் அங்கேதான் துடிக்கிறது என்பது என் கட்சி. கதை சிறியது. ரயில் தண்டவாளத்தின் அருகே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்தாண்டுகள் சிறையிருந்துவிட்டு, லூசியானாவிலுள்ள மனைவியையும் மகனையும் பார்க்கப் போகும் வழியில் விழுந்தவன். வழிப்போக்கன் ஒருவன் அவனைக் காண்கிறான். சாகப் போகிறவன் தன் பணத்தைக் கொடுத்து, ரோஸிடம் என் அன்பைச் சொல், மகனிடம் அவன் அப்பா அவனை நினைத்துப் பெருமைப்பட்டதாகச் சொல் என்று வேண்டுகிறான். 1957ஆம் ஆண்டுப் பதிவில் கேஷுக்கு வயது 25. டெனஸி டூ என்ற அவருடைய இரண்டு பேர் குழு, தடதடவென்று ரயில் ஓடுவதுபோல் அந்தத் தாளத்தை வாசிக்க, கேஷின் குரல் நிமிர்ந்து நின்று கதை சொல்கிறது. நல்ல பதிவுதான், ஆனால் அங்கே பாடுகிறவன் வழிப்போக்கன். ஒரு துயரத்தைப் பார்த்துவிட்டு வந்து நமக்குத் தெரிவிக்கும் வலுவான இளைஞன்.

2002இன் பதிவில் வேகம் தணிந்திருக்கிறது. கிதார்கள் பின்வாங்கி இடம் விட்டிருக்கின்றன. கேஷ் ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் முன்புபோல் இழுத்து நிறுத்தாமல், பாதியில் கீழே வைத்துவிடுகிறார்; அடுத்த அடிக்கு முன்னால் அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கிறது. பாடலில் சாகிறவன் தன்னைக் கண்டெடுத்த வழிப்போக்கனைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லும் இடம் வரும்போது, கதை சொல்லி யார், சாகிறவன் யார் என்ற எல்லை கரைந்துவிடுகிறது. கதை மாறவில்லை. ஆனால் இப்போது பாடுகிறவன் தண்டவாளத்தின் ஓரம் கிடப்பவன். இந்தப் பாடலுக்குத்தான் சிறந்த ஆண் கன்ட்ரி குரலுக்கான கிராமி விருது 2003இல் அவருக்குக் கிடைத்தது. 45 ஆண்டுகளுக்கு முன்பு இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியான பாடலுக்கு!

ஆல்பம் முழுவதிலும் இதே மாதிரியான மனிதர்கள்தான் நடமாடுகிறார்கள். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரெடோ'வில் வெள்ளைத் துணி சுற்றப்பட்ட இளம் கௌபாய் ஒருவன் தன் சவ ஊர்வலத்துக்கு ஏற்பாடு சொல்கிறான். 'சாம் ஹால்' தூக்குமேடைக்குப் போகும் வழியிலும் எல்லாரையும் வசைபாடுகிறான். அந்தப் பாட்டில் மட்டும் கேஷுக்கு எங்கிருந்தோ பழைய குறும்பு வந்துவிடுகிறது. ஸ்டிங் எழுதிய 'ஐ ஹங் மை ஹெட்' பாடலில், அண்ணனின் துப்பாக்கியை விளையாட்டாகக் குறிபார்த்த ஒருவன் தெரியாமல் ஒரு குதிரைவீரனைச் சுட்டுவிட்டுத் தூக்குமேடை ஏறுகிறான். ஸ்டிங் 1996இல் இதைப் பாடியபோது ஒன்பது எண்ணிக்கை கொண்ட சிக்கலான தாளத்தில் அமைத்திருந்தார். இசை தெரிந்தவர்கள் அந்தத் தாளத்தின் நொண்டலை ரசிப்பார்கள். கேஷ் அதை நான்கு எண்ணிக்கையில் நேராக்கிவிட்டார். நேராக்கியவுடன் அது ஸ்டிங் என்ற ஆங்கிலேயர் எழுதியது என்பதே மறந்துபோய், நூறு வருடமாக டெக்சாஸில் பாடப்பட்டு வந்த பாட்டுபோல் ஆகிவிடுகிறது. பிறர் பாட்டை எடுத்துப் பாடுவதில் உள்ள திறமை கூட்டுவதில் மட்டும் இல்லை. எதைக் கழிக்க வேண்டும் என்று தெரிவதிலும் இருக்கிறது.

'ஹர்ட்' பாடலுக்கும் இதுவே நடந்தது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் எழுதி, 1994இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வைத்தது அது. அதன் மெட்டில் வேண்டுமென்றே ஒரு முரண்சுரம் இருக்கும்; காதில் உறுத்தும்; பாட்டு முழுவதும் இரைச்சல் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கேஷ் முதலில் தயங்கினார், ரூபின் விடாமல் வற்புறுத்தினார். முடிவான வடிவத்தில் முரண்சுரம் போய்விட்டது. சாதாரணமான சில கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) கிதார்கள் நடக்கின்றன. ஒரு கெட்டவார்த்தை போய், அந்த இடத்தில் முள்முடி வந்தது. ஓர் இளைஞனின் சுயவெறுப்பாக இருந்த வரி, அந்த ஒரே மாற்றத்தில் கிறிஸ்துவின் பாடுகளோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கவனித்துக் கேட்க வேண்டியது பியானோவை. பல்லவியில் ஒரே சுரத்தை அது திரும்பத் திரும்ப அடிக்கிறது. இரண்டாம் முறை வரும்போது இன்னும் பலமாக அடிக்கிறது. கடைசியில் அது ஓசையின் விளிம்பைத் தாண்டிச் சிதையும் நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்றுபோகிறது. மார்க் ரோமானெக் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகு இனி அந்தப் பாட்டு தன்னுடையதல்ல என்று தோன்றியதாக ரெஸ்னரே சொன்னார். அந்த வீடியோவில் வரும் பாழடைந்த அருங்காட்சியகம் ஒரு செட் அல்ல. 'ஹவுஸ் ஆஃப் கேஷ்' என்ற பெயரில் அவருக்காக நடத்தப்பட்டு, பின்னர் மூடப்பட்டுக் கிடந்த கட்டடம் அது. படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டர், வீடியோ வெளிவந்த சில மாதங்களில், 2003 மே 15 அன்று இறந்தார்.

இனி ஜோடிப் பாடல்கள். கன்ட்ரி இசையில் டூயட் என்றால் இருவர் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடுவதுதான் மரபு. கேஷும் ஜூனும் 1967இல் பாடிய 'ஜாக்சன்' அதற்கு இலக்கணம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டே போகும் பாட்டு அது. இந்த ஆல்பத்தின் டூயட்கள் அப்படியில்லை. ஃபியோனா ஆப்பிள் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்ட் வாட்டர்' பாடலிலும், டான் ஹென்லி 'டெஸ்பராடோ'விலும் கேஷுக்குத் தோள் கொடுப்பவர்களாகத்தான் வருகிறார்கள். மூச்சு நீளாத இடத்தில் இன்னொரு குரல் பக்கத்தில் வந்து நின்று, அடியை முடித்து வைக்கிறது. பால் சைமனின் பாட்டு 1970இல் ஆர்ட் கார்ஃபங்கலின் உச்சஸ்தாயியால் புகழ்பெற்றது. கேஷால் அங்கே போக முடியாது. அவர் முயலவும் இல்லை. தரையிலேயே நின்று, நான் உனக்குப் பாலமாக இருப்பேன் என்கிறார். நான் உன்னைத் தாங்குவேன் என்று சொல்கிறவரே தாங்கப்பட வேண்டிய நிலையில் இருப்பது உருக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆப்பிளின் குரலை மிகத் தாழ்த்தி, மிக மென்மையாகக் கலந்திருப்பதால், அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போகிறது. 'டெஸ்பராடோ' இன்னும் சப்பென்று இருக்கிறது. 1973இல் ஈகிள்ஸ் குழுவின் இளைஞர்கள் கௌபாய் வேடம் போட்டுப் பாடிய பாட்டு அது. அசல் ஆள் வந்து பாடும்போது அந்த வேடத்தின் சாயம்தான் முதலில் தெரிகிறது. அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஹென்லியே பக்கத்தில் நிற்பது வேறு, ஒருவித விழா மேடைத் தன்மையைக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது டூயட்டின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் நிக் கேவ், கேஷின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். 1986இல் அவர் வெளியிட்ட பிறர் பாடல்களின் தொகுப்பில் கேஷின் பாட்டு ஒன்றும் உண்டு. அந்தத் தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்பு, சவுலை ஆண்டவர் தடுத்து நிறுத்தும்போது சொல்லும், முள்ளில் உதைப்பதைப் பற்றிய வேதாகம வசனத்திலிருந்து எடுத்தது. 2000ஆம் ஆண்டில் கேஷ் தன் பங்குக்கு, மின்நாற்காலியில் சாகப் போகும் கைதியைப் பற்றி கேவ் எழுதிய 'த மெர்சி சீட்' பாடலைப் பாடினார். இப்போது இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலைக் கேளுங்கள். அதே முள்ளும் அதே உதையும் அப்படியே அங்கே இருக்கின்றன. இருவரும் ஒரே வேதாகமத்தை வெவ்வேறு கோபத்தோடு படித்தவர்கள். அவர்கள் சேர்ந்து பாட எடுத்துக்கொண்டது ஹேங்க் வில்லியம்ஸ் 1949இல் பாடிய, கன்ட்ரி இசையின் தனிமைப் பாடல்களுக்கெல்லாம் மூலப்பாட்டான 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை'. அன்று வெளிச்சத்திலிருந்து ஸ்டுடியோவின் இருட்டுக்குள் வந்த கேஷுக்குச் சற்று நேரம் கண்ணே தெரியவில்லை என்றும், தட்டுத் தடுமாறி வந்தவர் பாட உட்கார்ந்ததும் வேறு மனிதராகிவிட்டார் என்றும் கேவ் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். பதிவில் அது தெரிகிறது. கேவின் கனத்த குரல் கேஷைத் தாங்கவில்லை, அவரோடு போட்டியும் போடவில்லை. ஒரே கிணற்றுக்குள் இரண்டு வாளிகள் இறங்குவதைப்போல் இருவரும் இறங்குகிறார்கள்.

தலைப்புப் பாடலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தங்கியிருந்தபோது கேஷ் ஒரு கனவு கண்டார்: பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போகிறார், தரையில் உட்கார்ந்திருக்கும் எலிசபெத் மகாராணி அவரைப் பார்த்து, நீ சுழல்காற்றில் அகப்பட்ட முள்மரம் போன்றவன் என்கிறார். இந்தக் கனவு விடாமல் துரத்த, அவர் வேதாகமத்தைத் துருவி, பக்கம் பக்கமாக எழுதிக் கழித்து இந்தப் பாடலை அடைந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசிப்பதோடு தொடங்கி, அதே அதிகாரத்தில் மங்கின நிறமுள்ள குதிரையின்மேல் மரணம் வருவதோடு முடிகிறது. நடுவில் திரியைச் சரிசெய்யும் கன்னியர்களும், குஞ்சுகளைக் கூப்பிடும் கோழியும் மத்தேயுவிலிருந்து வருகிறார்கள். ஞாயிறு தோறும் தமிழ் வேதாகமத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டில் பாதி வரிகள் பழகிய முகங்கள். எனக்கு வியப்பாக இருப்பது அதன் நடை. உலகத்தின் முடிவைப் பாடுகிறவர், ஊரில் சந்தை கூடுவதை அறிவிப்பதுபோல் துள்ளலாகப் பாடுகிறார். கிதார் கிட்டத்தட்ட உற்சாகமாக இருக்கிறது. பயமுறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை; அவர் வரப்போகிறவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்.

'பெர்சனல் ஜீசஸ்' பாடலில் இந்த விசுவாசம் இன்னொரு வித்தை செய்கிறது. டெபெஷ் மோட் குழு 1989இல் ஏளனம் கலந்த பாவனையில் பாடிய பாட்டை, தான் பதிவு செய்தவற்றிலேயே மிகவும் நற்செய்தித் தன்மை கொண்ட பாடல் என்று கேஷ் சொன்னார். ஏளனத்தை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் பொருட்படுத்தவில்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டாவதுதான். ஜான் ஃப்ருஷியான்டேயின் கிதார், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை நினைவூட்டும்படி முரட்டுத்தனமாக வந்து விழ, கேஷ் எந்த நெளிவும் இன்றி ஒரு போதகரைப்போல் பாடிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. பதினைந்து பாட்டு அதிகம். பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தால் ஆல்பம் இன்னும் இறுகியிருக்கும். பீட்டில்ஸின் 'இன் மை லைஃப்' பாடலை ஒரு முதியவர் பாடுவது, கேட்கும் முன்பே எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடக் கூடியது. அந்த ஊகத்தை அது தாண்டவில்லை. ஒலிப்பதிவை இறுதியாக மெருகேற்றியபோது ஓசையை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார்கள். இவ்வளவு மெல்லிய இசைக்கு அது தேவையே இல்லை, நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் கரகரப்பு உறுத்துகிறது. ஆனால் குழாய் ஆர்கன் பின்னணியில் அவர் பாடும் 'டேனி பாய்' பாடலில், சுருதி ஓரிரு இடங்களில் விலகுவதைத் திருத்தாமல் விட்டதற்காக ரூபினுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2003 நவம்பரில், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாக இது தேர்வானபோது கேஷ் இல்லை. அவரைப் பல ஆண்டுகளாகப் பொருட்படுத்தாத அதே நாஷ்வில் எழுந்து நின்று கைதட்டியது. 2006இல் வெளியான அடுத்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

அவர் மறைந்த இரண்டு மாதங்களில், இந்தத் தொடர் ஒலிப்பதிவுகளில் மிஞ்சியவற்றைச் சேர்த்து 'அன்எர்த்ட்' என்ற ஐந்து தட்டுகள் கொண்ட பெட்டித் தொகுப்பு வெளிவந்தது. அதில் பாப் மார்லியின் 'ரிடெம்ப்ஷன் சாங்' பாடலை, த க்ளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரோடு கேஷ் பாடியிருக்கிறார். ஜமைக்காவின் பாட்டு, லண்டனின் பங்க் பாடகர், அர்க்கன்ஸாவின் பருத்திக் காட்டில் வளர்ந்த கிழவர்; இருவருக்கும் குரல் கரடுமுரடு, இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு முறைவைத்துப் பாடுகிறார்கள், யாரும் யாரையும் தாங்கவில்லை. 'டெஸ்பராடோ'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருக்க வேண்டும். என் போனில் நான் வைத்திருக்கும் பட்டியலில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.